உயர்நிலை வகுப்புகளில் வரலாறு கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

12 வயது முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும் பயிற்சி ஆசிரியர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சில கேள்விகளுக்கு ஓரிரு வரிகளே போதுமானவையாக இருந்தன. சிலவற்றுக்கு ஒரு பாடவேளையையே எடுத்து விளக்க வேண்டியிருந்தது.

மாணவர்கள் வரலாற்றை மனப்பாடப் பாடம் என்று ஒதுக்குவது ஏன்?

நாம் அதை அப்படித்தான் அவர்கள் கையில் கொடுக்கிறோம் என்பதே நேர்மையான விடை. அறிவியல் வகுப்பில் ஒரு முடிவைச் சொல்லும்போது அதற்கான சோதனையையும் கூடவே காட்டுகிறோம். கணக்கில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறைகிறது. வரலாற்றில் மட்டும் விடை தன்னந்தனியாக வந்து நிற்கிறது. கலிங்கப் போருக்குப் பின் அசோகர் மனம் மாறினார் என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அது நமக்கு எப்படித் தெரிந்தது, அதைச் சொன்னவர் யார், எங்கே எழுதப்பட்டிருக்கிறது, வேறு எவரேனும் அதை உறுதிப்படுத்துகிறார்களா என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் இடமே இல்லை. வந்த வழி தெரியாத ஒரு முடிவை மாணவர் மனப்பாடம் செய்யாமல் வேறு என்ன செய்வார்?

ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் ஓர் இடத்திலாவது "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியைத் திறந்து வைக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. இதற்கென்று தனிப் பாடவேளை ஒதுக்க வேண்டிய தேவையில்லை. பாடத்தின் நடுவில் ஐந்து நிமிடம் நின்று ஒரு வாக்கியத்தின் வேரைத் தோண்டிக் காட்டினாலே வகுப்பின் போக்கு மாறுவதைக் காணலாம்.

அப்படியானால் ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லையா?

வேண்டும். "உண்மைகள் வேண்டாம், சிந்தனைத் திறன் போதும்" என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று தெரியாத மாணவரால் எது எதற்குக் காரணம் என்று வாதிடவே முடியாது. ஒரு பருவத்துக்கு 15 அல்லது 20 ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை வகுப்பறைச் சுவரில் காலக்கோடாக வரைந்து, ஒவ்வொரு புதிய நிகழ்வையும் அதில் பொருத்தச் சொல்வது நல்ல பழக்கம். காலக்கோட்டின் அளவு சீராக இருக்க வேண்டும். 100 ஆண்டுகளுக்கு ஒரு முழம் என்றால் எல்லா நூற்றாண்டுக்கும் ஒரு முழமே. வெற்றாகக் கிடக்கும் நூற்றாண்டுகளைப் பார்த்து "அப்போது ஒன்றும் நடக்கவில்லையா?" என்று மாணவர் கேட்பதே ஒரு நல்ல பாடத்துக்குத் தொடக்கமாகிவிடும்.

நினைவில் நிற்கச் செய்யும் வழியைப் பற்றியும் ஒரு சொல். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். ஆகவே பாடவேளையின் முதல் மூன்று நிமிடங்களில், முந்தைய வாரத்துப் பாடத்திலிருந்து நான்கு சிறு கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லாமல் விடை எழுதச் செய்வது, தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் படிப்பதைக் காட்டிலும் பயன் தரும்.

காலக்கணக்கில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் எவை?

மூன்று இடங்களைச் சொல்லலாம். 1789 என்பது 18-ஆம் நூற்றாண்டு என்பதை ஏற்க மாணவர்களுக்கு நெடுநாள் ஆகும். கி.மு. 1-க்கு அடுத்து கி.பி. 1 வருகிறது, நடுவில் சுழி ஆண்டு கிடையாது என்பதால், இரு சகாப்தங்களையும் தாண்டிக் கணக்கிடும்போது ஓர் ஆண்டு பிசகும். மூன்றாவது, நாட்காட்டி மாற்றம். 1582-இல் கிரிகோரியன் நாட்காட்டியை முதலில் ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. பிரிட்டன் 1752-இல்தான் மாறியது. ரஷ்யா 1918-இல் மாறியது. 1917-ஆம் ஆண்டின் அக்டோபர் புரட்சி நமது நாட்காட்டியில் நவம்பர் 7 அன்று விழுவது இதனால்தான். இந்த ஒரு முரணை விளக்கினாலே, தேதி என்பது வானத்திலிருந்து விழுந்தது அன்று, மனிதர் ஏற்படுத்திக்கொண்ட ஒப்பந்தம் என்பது மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

முதல்நிலைச் சான்று ஒன்றை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது?

சான்று சிறியதாக இருக்க வேண்டும். அதனுள் ஒரு புதிர் இருக்க வேண்டும். மேலே சொன்ன அசோகரையே எடுத்துக்கொள்வோம்.

அசோகரின் 13-ஆம் பெரும்பாறைக் கல்வெட்டின் முதற்பகுதியை எளிய மொழிபெயர்ப்பில், ஐந்தாறு வரிகளாக மாணவர்களிடம் கொடுங்கள். முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபின் கலிங்கம் வெல்லப்பட்டது என்றும், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், அதைப் போலப் பல மடங்கினர் மாண்டனர் என்றும், அது குறித்து மன்னர் வருந்துகிறார் என்றும் அதில் வருகிறது. முதற்சுற்றில் மாணவர்கள் பொருளை மட்டும் தம் சொற்களில் எழுதட்டும். இரண்டாம் சுற்றில் "இதைச் சொல்பவர் யார்?" என்று கேளுங்கள். வென்ற மன்னரே சொல்கிறார் என்பது தெரிந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும்: தன் கொடுமையைத் தானே ஒப்புக்கொள்வதால் இது நம்பத்தக்கது என்பார் சிலர், பெரிய எண்களைச் சொல்லித் தன் வலிமையையும் சேர்த்தே காட்டுகிறார் என்பார் சிலர். இரண்டாம் தரப்புக்கு அதே கல்வெட்டின் பிற்பகுதி துணை நிற்கும். அங்கே மன்னர் காட்டுவாழ் மக்களை நோக்கி, தாம் வருந்தினாலும் தண்டிக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்று எச்சரிக்கிறார்.

புதிரை மூன்றாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அசோகரின் பெரும்பாறைக் கல்வெட்டுத் தொகுதி கலிங்கத்திலேயே தவுலி, ஜவுகட என்ற இரண்டு இடங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவ்விரு இடங்களிலும் இந்த 13-ஆம் கல்வெட்டு இல்லை. 11, 12, 13 ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு, "எல்லா மனிதரும் என் பிள்ளைகள்" என்று கூறும் இரண்டு தனிக் கல்வெட்டுகள் அங்கே இடம்பெற்றுள்ளன. எந்த மக்களுக்குத் தீங்கு நேர்ந்ததோ அந்த மக்களின் மண்ணில் அந்த வருத்தம் ஏன் பொறிக்கப்படவில்லை?

இதற்கு உறுதியான விடை கல்வெட்டில் கிடையாது. புண்ணைக் கிளற வேண்டாம் என்று மன்னர் எண்ணியிருக்கலாம். புதிதாக வென்ற நாட்டில் தோல்வியின் அளவை எழுதி வைப்பது கலகத்தைத் தூண்டும் என்று அதிகாரிகள் அஞ்சியிருக்கலாம். அங்குள்ளவர்களுக்கு வருத்தத்தைவிட நல்ல நிர்வாகம் பற்றிய உறுதிமொழியே தேவை என்று கருதியிருக்கலாம். மாணவர் எதை எழுதினாலும், அந்த ஊகத்தைக் கல்வெட்டின் எந்த வரி தாங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள். வரியைக் காட்ட முடிந்த ஊகம் ஒரு வாதமாக நிற்கும்; காட்ட முடியாதது கற்பனையாகவே நின்றுவிடும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட வகுப்பு அடுத்த சான்றை இன்னும் விரைவாகப் படிக்கும்.

ஆண்டுக்கணக்கு எப்படி வந்தது என்று கேட்கும் மாணவர் இருந்தால் அவரை உட்கார வைத்துவிட வேண்டாம். இதே கல்வெட்டில் ஐந்து கிரேக்க மன்னர்களின் பெயர்கள் வருகின்றன. அவர்கள் ஆண்ட காலம் மேற்கத்திய ஆவணங்களிலிருந்து தெரியும் என்பதால், ஐவரும் ஒருசேர ஆட்சியில் இருந்த ஆண்டுகளைக் கண்டறிந்து அசோகரின் காலத்தை வரையறுத்தார்கள். பாடநூலில் பிறை அடைப்புக்குள் கிடக்கும் ஆண்டுகளுக்குப் பின்னால் இத்தகைய துப்பறிதல் இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்த மாணவர் அவற்றை வேறு கண்ணோடு பார்ப்பார்.

ஒரு சான்றைக் கையில் எடுத்தவுடன் முதலில் எதைப் பார்க்கப் பழக்க வேண்டும்?

அடியில் இருப்பதை. அதாவது, எழுதியவர் யார், எப்போது, யாருக்காக, எந்த வகை ஆவணமாக எழுதினார் என்பதை. 1991-இல் கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கமான 1775-ஆம் ஆண்டு லெக்சிங்டன் மோதலைப் பற்றிய ஆவணங்களை வரலாற்றாசிரியர்களிடமும் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லுமாறு கேட்டார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தகவல் திரட்டிக்கொண்டே போனார்கள். வரலாற்றாசிரியர்களோ, அமெரிக்க வரலாற்றில் தனித்தேர்ச்சி இல்லாதவர்கள் உட்பட, முதலில் ஆவணத்தின் அடியில் இருந்த குறிப்புக்குத் தாவி, எழுதியவரைத் தெரிந்துகொண்ட பின்னரே மேலே வந்தார்கள். பிறகு ஒரு ஆவணத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டார்கள். அக்காலச் சூழலில் வைத்துப் பார்த்தார்கள். இந்த மூன்றும் பழக்கத்தால் வருபவை. பழக்கம் என்றால் வகுப்பறையில் கற்பிக்க முடியும் என்று பொருள்.

ஆவணத்தின் வகையைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் நாட்குறிப்பு நல்ல எடுத்துக்காட்டு. பாஸ்டில் சிறை வீழ்ந்த 1789 ஜூலை 14 அன்று அவர் எழுதியது ஒரே சொல்: "ஒன்றுமில்லை." நாடு பற்றி எரியும்போது மன்னன் எதையும் அறியாமல் இருந்தான் என்று மாணவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த நாட்குறிப்பு பெரும்பாலும் வேட்டையைப் பதிவு செய்வதற்காக வைத்திருந்த ஏடு என்று பிறகு சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு "இன்று வேட்டை இல்லை" என்ற பொருள் வந்து சேரும்போது வகுப்பில் எழும் சிரிப்பு, ஒரு மணி நேர விளக்கவுரைக்கு ஈடானது.

எல்லாச் சான்றும் ஒருசார்பானது என்றால் எதையுமே நம்ப முடியாதே?

சான்றாய்வைக் கற்பிக்கத் தொடங்கிய சில மாதங்களில் எல்லா வகுப்பிலும் இந்தக் கட்டம் வரும். "இது ஒருசார்பானது, ஆகவே பயனற்றது" என்ற ஒரே வாக்கியத்தை எல்லா விடைத்தாளிலும் காணலாம். முன்பு எல்லாவற்றையும் நம்பிய அதே சோம்பல்தான் இப்போது எதையும் நம்பாமல் இருக்கிறது. சார்பு என்பது குறையாக மட்டும் இருப்பதில்லை. பல வேளைகளில் அதுவே தகவலாக இருக்கிறது.

1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்தவர், வணிகர். தம் போட்டியாளர்களைப் பற்றி அவர் எழுதுவதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் ஒரு பதவிக்கு எத்தகைய போட்டி இருந்தது, ஆளுநர் மாளிகையில் யார் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்தது, சரக்கும் கடனும் எப்படிக் கைமாறின என்ற கேள்விகளுக்கு, அந்தச் சார்புள்ள மனிதரைவிட நல்ல சாட்சி கிடைக்கமாட்டார். எனவே "இச்சான்றை நம்பலாமா?" என்று கேட்பதை விடுத்து, "எந்தக் கேள்விக்கு இச்சான்று உதவும்?" என்று கேட்கப் பழக்குங்கள்.

போலி ஆவணம்கூட இந்தக் கணக்கில் சான்றாகிவிடும். நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியையே திருத்தந்தைக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சாசனம், அக்காலத்தில் வழங்கியிருக்க முடியாத சொற்களைக் கொண்டிருக்கிறது என்று 1440-இல் லொரென்சோ வல்லா நிறுவினார். கான்ஸ்டன்டைனைப் பற்றி அது நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதைப் புனைந்தவர்களின் தேவையைப் பற்றி நிறையவே சொல்கிறது.

"காரணங்கள் யாவை?" என்ற வினாவை எப்படிக் கற்பிப்பது?

ஐந்து காரணங்களை எண்ணிட்டு எழுதும் விடையில் ஒரு மறைமுகப் பொய் இருக்கிறது: ஐந்தும் ஒரே எடை, ஒரே வகை, ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்ற தோற்றம். முதல் உலகப் போரைப் பாடமாக நடத்தும்போது, கூட்டணிகள், படைக்குவிப்பு, பால்கன் பகுதியின் தேசியவாதம், 1912–13 பால்கன் போர்கள், 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் நடந்த ஆஸ்திரிய இளவரசரின் கொலை, ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு விடுக்கப்பட்ட இறுதி எச்சரிக்கை, அணிதிரட்டலின் கால அட்டவணைகள் ஆகியவற்றைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் குழுக்களிடம் கொடுங்கள். போர் மூளும் நிலையை உருவாக்கியவை எவை, அது அந்தக் கோடையில் மூண்டதற்குக் காரணமானவை எவை என்று முதலில் பிரிக்கட்டும். பிறகு ஒரு சீட்டை உருவிவிட்டு, மீதமுள்ளவை போரை நோக்கிப் போயிருக்குமா என்று வாதிடட்டும்.

சரயேவோவில் அன்று காலை வீசப்பட்ட குண்டு இளவரசரைத் தாக்கவில்லை. பின்னர் அவருடைய கார் தவறான தெருவில் திரும்பி, கொலையாளி பிரின்சிப் நின்ற இடத்துக்கு அருகே நின்றது. ஓட்டுநர் சரியான வழியில் போயிருந்தால் போரே வந்திருக்காதா என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடும் மாணவர், தற்செயலும் அமைப்பும் எங்கே சந்திக்கின்றன என்று தானாகவே யோசிக்கத் தொடங்கிவிடுவார். ஆனால் நடக்காத வரலாற்றிலேயே முழுப் பாடவேளையும் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

அக்கால மனிதர்களை இன்றைய அளவுகோலால் மதிப்பிடலாமா?

இன்றைய அளவுகோல் இரண்டு வழிகளில் இடறும். கண்டிப்பதில் இடறுவதை எல்லாரும் கவனிக்கிறார்கள். பெருமைப்படுவதில் இடறுவதைப் பலர் கவனிப்பதில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இதை வாசித்தவுடன் "ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மக்களாட்சி" என்று முழங்கத் தோன்றும்.

அதே கல்வெட்டு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின், சபை. அந்த ஊரில் வாழ்ந்தவர்களில் யாருடைய பெயர் ஓலையில் ஏறியிருக்கவே முடியாது என்று மாணவர்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். அதன்பின், கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதி எதற்காகத் தோன்றியிருக்கும் என்று கேளுங்கள். விதி இருக்கும் இடத்தில் அதற்கு முன் மீறல் இருந்திருக்கக்கூடும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். பெருமையும் கண்டனமும் விலகிய பிறகு மிஞ்சுவது, ஒரு நிலவுடைமைக் குழு தனக்குள் அதிகாரத்தை எப்படிச் சுழற்சியில் வைத்துக்கொண்டது என்ற மிகச் சுவையான கேள்வி.

அப்படியென்றால் கொடுமையைக் கொடுமை என்று சொல்லக்கூடாதா என்று கேட்பார்கள். சொல்லலாம். அடிமைமுறை நிலவிய காலத்திலும் அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அடிமைப்பட்டவர்களே முதலில் எதிர்த்தார்கள். "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்" என்ற வாக்கியம் பெரும்பாலும் ஆண்டவர்களை மட்டுமே எல்லாராகக் கணக்கிடுகிறது.

நாடகமும் வேடம் பூண்டு நடிப்பதும் பயன் தருமா?

ஒரு மாநாட்டையோ நீதிமன்ற விசாரணையையோ, ஆவணங்களைப் படித்துவிட்டு நடத்தினால் பயன் தரும். இனப்படுகொலை, அடிமைக் கப்பல், வதைமுகாம் போன்றவற்றை நடித்துக் காட்டச் செய்யவே வேண்டாம். அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்கு வழங்கும் வழிகாட்டுதல்களிலும் இத்தகைய பாவனைப் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. பத்து நிமிடம் மேசைக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்த மாணவர், அந்தத் துன்பம் தமக்குப் புரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் அதில் கிடைக்கும் மிகத் தவறான பாடம். பிழைத்தவர்களின் வாக்குமூலத்தை அமைதியாக வாசிப்பதே போதும்.

சர்ச்சைக்குரிய பாடங்களில் ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லலாமா?

முதலில் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். 1857-ஆம் ஆண்டு நிகழ்வைச் "சிப்பாய்க் கலகம்" என்றும் "பெருங்கிளர்ச்சி" என்றும் "முதல் விடுதலைப் போர்" என்றும் அழைக்கிறார்கள். ஒவ்வொரு பெயரும் யாரை நடுவில் வைக்கிறது, எதை ஓரத்துக்குத் தள்ளுகிறது என்று ஆராயும் வகுப்பு, சச்சரவு இன்றியே சர்ச்சையின் உள்ளே போய்விடும். எதிரெதிர் நினைவுகளை ஒரே நூலில் வைக்க முடியும் என்பதற்குப் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து உருவாக்கிய மேல்நிலை வகுப்பு வரலாற்றுப் பாடநூல் சான்று. ஒரே உள்ளடக்கம் இரு மொழிகளிலும் வெளிவந்தது, முதல் தொகுதி 2006-இல் வந்தது. இரு உலகப் போர்களில் எதிர்த்தரப்பில் நின்ற நாடுகள் அவை.

ஆசிரியரின் கருத்தைப் பொறுத்தவரை, மாணவர்கள் தம் வாதத்தை எழுதி முடிக்கும் வரை சொல்லாமல் இருப்பது நல்லது. அதன்பின் கேட்டால், காரணங்களோடு சொல்லலாம். ஆனால் நன்கு நிறுவப்பட்ட உண்மைகளை "இரு தரப்புக் கருத்து" என்ற பெயரில் விவாதத்துக்கு விடக்கூடாது. ஒரு படுகொலை நடந்ததா என்பது விவாதப்பொருளன்று. அது ஏன் நடந்தது, யார் தடுத்திருக்க முடியும் என்பவை விவாதத்துக்கு உரியவை.

பாடத்திட்டம் நீளமானது, இதற்கெல்லாம் நேரம் எங்கே?

உண்மையான இடர்ப்பாடு இது. எளிய தீர்வு இல்லை. எல்லாப் பாடத்தையும் ஒரே ஆழத்தில் நடத்த வேண்டும் என்ற எண்ணத்தை விடுவதிலிருந்து தொடங்கலாம். பருவத்துக்கு மூன்று பாடங்களை மட்டும் ஆழமாகத் தோண்டவும், மற்றவற்றைக் கதைப்போக்காக விரைந்து சொல்லவும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நன்றாகச் சொல்லப்படும் கதைக்கு வகுப்பில் உரிய இடம் உண்டு. ஆசிரியர் பேசினாலே பழைய முறை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. அலகு முழுவதையும் ஒரே கேள்வியில் தொடுப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும். "பிரெஞ்சுப் புரட்சி" என்ற தலைப்பைவிட, "1789-இல் மன்றம் கூடிய நாடு 1793-இல் மன்னனின் தலையை வெட்டும் அளவுக்கு எப்படிச் சென்றது?" என்ற கேள்வி, எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று ஆசிரியருக்கே வழி காட்டும்.

வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்குச் சான்றுகள் கடினமாக இருக்காதா?

இருக்கும். ஆகவே சுருக்குங்கள், கடினச் சொற்களுக்குப் பக்கத்தில் பொருள் கொடுங்கள், தொடர்களை உடைத்து எளிமையாக்குங்கள். எளிமையாக்கியதை மறைக்காமல் மூலத்தின் இரண்டு வரிகளையும் பக்கத்தில் வையுங்கள். கேள்வியை மட்டும் எளிமையாக்கிவிடாதீர்கள். எழுத்து கைகொடுக்காத இடத்தில் பொருளும் படமும் கைகொடுக்கும். ஒரு நாணயத்தின் இரு பக்கங்களையும் பார்த்து, அதை வெளியிட்டவர் மக்களுக்கு எதைச் சொல்ல விரும்பினார் என்று ஊகிக்க நீண்ட வாசிப்பு தேவையில்லை.

ஒளிப்படங்களையும் திரைப்படங்களையும் காட்டலாமா?

காட்டலாம், சான்றாக நடத்துவதாக இருந்தால். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகில் அவருடைய ரகசியக் காவல்துறைத் தலைவர் எஷோவ் நிற்கும் ஒளிப்படமும், 1940-இல் எஷோவ் சுட்டுக் கொல்லப்பட்ட பின் அவர் உருவம் அழிக்கப்பட்டு நீர் மட்டுமே தெரியும் அதே படமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டால், மேலும் விளக்கம் தேவைப்படாது. வரலாற்றுத் திரைப்படம் அது காட்டும் காலத்தைவிட, அது எடுக்கப்பட்ட காலத்துக்கே நல்ல சான்று. அதில் வரும் வசனங்களைக் குறை சொல்லும் மாணவரிடம் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசைப் பற்றியும் சொல்லுங்கள். கேட்ட உரைகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைப்பது அரிது என்பதால், அந்தந்தச் சூழலுக்குத் தக்கவாறு உரைகளை அமைத்ததாக அவரே தம் வரலாற்றின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார்.

மாணவர்கள் இணையத்திலிருந்தும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தும் எழுதிக்கொண்டு வருகிறார்கள், என்ன செய்வது?

2017-இல் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இணையப் பக்கங்களை மதிப்பிட்டார்கள். சரிபார்ப்பாளர்களே விரைவாகவும் சரியாகவும் செய்தார்கள். காரணம், அவர்கள் புதிய பக்கத்தில் நெடுநேரம் நிற்கவில்லை. உடனே வேறு சாளரங்களைத் திறந்து, அந்தப் பக்கத்தை நடத்துபவர் யார் என்று பிறர் சொல்வதைத் தேடினார்கள். வரலாற்றாசிரியர்கள் பலரும் மாணவர்களைப் போலவே நேர்த்தியான தோற்றத்தில் ஏமாந்தார்கள். இந்தப் பக்கவாட்டு வாசிப்பை ஒரே பாடவேளையில் செய்து காட்டலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத மேற்கோளையும் இல்லாத நூலையும் தயங்காமல் தருகின்றன. தடை விதிப்பதைவிட, செயலி தந்த ஒரு விடையை அச்சிட்டுக் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் பாடநூலோடும் ஓர் ஆவணத்தோடும் ஒப்பிட்டுத் திருத்தச் சொல்வது பயனுள்ள ஒப்படைப்பு.

தேர்வில் எதை அளப்பது?

"அசோகரின் 13-ஆம் கல்வெட்டைப் பற்றி எழுதுக" என்ற வினா நினைவை மட்டும் அளக்கிறது. "கலிங்கப் போரின் விளைவுகளை அறிய இக்கல்வெட்டு எந்த அளவுக்கு உதவும்? எதை அறிய உதவாது?" என்ற வினாவுக்கு நினைவும் தேவை, தீர்ப்பும் தேவை. பொதுத்தேர்வின் வடிவம் நம் கையில் இல்லை. ஆனால் வகுப்புத் தேர்வில் நான்கில் ஒரு வினாவையாவது இவ்வகையில் அமைப்பது நம் கையில்தான் இருக்கிறது. விடை திருத்தும்போது எந்தப் பக்கம் வாதிட்டார் என்பதற்கு மதிப்பெண் இல்லை என்பதையும், சான்றை எப்படிக் கையாண்டார் என்பதற்கே மதிப்பெண் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

விடை தெரியாத கேள்வியை மாணவர் கேட்டுவிட்டால்?

"தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லி, அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் மறக்காமல் விடையோடு வாருங்கள். தயக்கமாக இருந்தால் ஜேம்ஸ் பிரின்செப்பை நினைத்துக்கொள்ளலாம். 1837-இல் பிராமி எழுத்தைப் படித்தறிந்த அவர், கல்வெட்டுகளில் வந்த "தேவானாம்பிய பியதசி" என்ற பெயர் இலங்கை மன்னன் ஒருவனைக் குறிப்பதாகவே முதலில் கருதினார். அதே ஆண்டில் ஜார்ஜ் டர்னர் இலங்கைப் பாலி நூல்களில் தேடி, பியதசி என்பது அசோகரின் பெயர் என்று தெரிவித்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அசோகர் என்ற பெயரையே தாங்கிய கல்வெட்டு மஸ்கியில் கிடைத்தது 1915-இல்.